தூக்கு மரத்தை நிறுத்தியவர்

கொலைகாரனையும் தூக்கில் போடக் கூடாது என்று சட்டம் செய்தார் ஒருவர். அவரையே சுட்டுக் கொன்றார்கள். கொன்றவரைத் தூக்கிலிட, அந்தச் சட்டமே ரத்து செய்யப்பட்டது. விதியின் விளையாட்டு என்பது இதுதானோ?

அவர்தான் இலங்கைப் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயகா.

1899-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி கொழும்பில், செல்வம் மிகுந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்து பாரிஸ்டரானார். தாயகம் திரும்பியபின் பௌத்தரானார்.

1956-ல் பிரதமரானதும் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கினார். தமிழர் நெஞ்சில் அது ஆறாத புண். மறு ஆண்டு செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்து அந்தப் புண்ணை ஆற்ற முயன்றார். பிக்ஷுக்கள் எதிர்த்தார்கள்; 1958-ல் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதமே கலவரத் தீ மூண்டது. தமிழர் பலர் மாண்டனர்.

அதே 1958-ல்தான் மரண தண்டனையை மூன்றாண்டுகளுக்கு நிறுத்தி வைக்கும் சட்டமும் வந்தது.

1959 செப்டம்பர் 25-ந் தேதி காலை. வீட்டுத் தாழ்வாரத்தில் பார்வையாளர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார் பிரதமர். காவி உடையில் காத்திருந்த சோமராமா என்ற பிக்ஷுவை வணங்கினார். பிக்ஷுவின் கையில் துப்பாக்கி! குண்டுகள் பாய்ந்தன. காவி உடுத்த அந்த அறிவிலியிடம் கருணை காட்டும்படி மருத்துவமனையிலிருந்து நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார் பிரதமர். மறுநாள் காலமானார்.

நாடு கொதித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மரண தண்டனை திரும்பி வந்தது. முன்பு நடந்த கொலைக்கும் அது செல்லும் என்று எழுதப்பட்டது. குற்றம் நடந்த நாளில் இல்லாத தண்டனையைப் பின்னால் விதிப்பது நியாயமா? இந்திய அரசியல் சட்டத்தின் 20-வது பிரிவு அதை அனுமதிப்பதில்லை. இலங்கையில் அன்று அப்படித் தடை இல்லை.

1961-ல் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர், 1956-ல் பண்டாரநாயகாவின் வெற்றிக்கு உழைத்த களனி விகாரைத் தலைவர் புத்தரக்கித்த. ஆனால் அப்பீலில் ஓர் ஓட்டை தெரிந்தது. புதிய சட்டத்தின் வாசகம் கொலையைத்தான் குறித்தது. கொலைச் சதியைக் குறிக்கவில்லை. சதிக் குற்றவாளிகள் இருவரும் ஆயுள் தண்டனையுடன் உயிர் தப்பினர்.

சோமராமா மட்டும் 1962 ஜூலை 6-ந் தேதி வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது பிரதமராக இருந்தவர் பண்டாரநாயகாவின் மனைவி சிறிமாவோ.

இலங்கைக் கோர்ட்டுகள் பின்னரும் தூக்குத் தண்டனை விதித்து வந்திருக்கின்றன. ஆனால் 1976-க்குப் பிறகு அங்கே யாரும் தூக்கிலிடப்படவில்லை. பண்டாரநாயகா மூன்றாண்டுகளுக்குச் செய்ய நினைத்தது, அவர் மறைந்தபின் பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது.