சாலையோரம் வந்த மருத்துவர்

கொடைக்கானல் என்றதும் ஏரியும் படகும், பனியும் பூவும், கோடைக்கு வந்து குளிர் காயும் செல்வர் கூட்டமும் நம் கண்முன்னே வந்து நிற்கும். அந்த மலையிலே, ‘ஹில் டாப்’ என்ற பெயருடைய இல்லத்திலே, 1960ஆம் ஆண்டு மே மாதம் 89 வயது மூதாட்டி ஒருவர் கண்மூடினார். அவர் உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு வேலூருக்கு வந்தது. ஏழை எளியவரெல்லாம் திரண்டு நின்று கண்ணீர் வடித்தனர். அவர்தான் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்தவர்.

வானளாவும் கட்டடங்கள் எழக் காரணமானவர் என்பதற்காக மட்டும் நாம் அவரை நினைப்பதில்லை. நோயாளி வரட்டும் என்று வாசலிலே காத்திராமல், நோயாளி இருக்கும் சாலைக்கு மருந்துப் பெட்டியோடு போனாரே, அதற்காக நினைக்கிறோம்.

முதலில் அந்த மலையின் கதையைச் சற்று பார்ப்போம். மதுரைச் சீமையிலே பணிபுரிந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் காய்ச்சலாலும் காலராவாலும் தம் குடும்பத்தாரை இழந்தனர். குளிர்ந்த காற்றைத் தேடி மலையேறினர். 1845இல் கொடைக்கானலில் அவர்களுடைய முதல் வீடுகள் எழுந்தன. மோட்டார் சாலை இல்லாத காலம் அது. குதிரை ஏற முடியாதவர்களை நாற்காலியிலே வைத்துத் தூக்கிச் சென்றவர்கள் நம் நாட்டுக் கூலியாட்கள்! நோய் கண்ட வெள்ளையர் உயிர் பிழைக்க மலை இருந்தது. தூக்கிச் சென்றவனோ, கூலியை வாங்கிக்கொண்டு அதே காய்ச்சலுக்கும் அதே காலராவுக்கும் நடுவே இறங்கிப் போனான். அவனுக்கு ஏறிப்போய் இளைப்பாற எந்த மலை இருந்தது?

அத்தகைய ஓர் அமெரிக்கக் குடும்பத்திலேதான் ஐடா பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் பின்னர் சென்னையிலும் மருத்துவம் செய்தவர். தந்தையாரும் மருத்துவர். 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையிலே பிறந்த இப்பெண், குழந்தைப் பருவத்திலேயே தாது வருடப் பஞ்சத்தைக் கண்டார். கையைத் தூக்கவும் வலுவில்லாத பிள்ளைகளின் வாயிலே ரொட்டியைப் பிட்டு ஊட்டிய அந்தக் காட்சி அவரை அச்சுறுத்தியது. அமெரிக்காவிலே படிக்கப் போனபோது, இந்தத் துயர பூமிக்கு இனி வாழ வருவதில்லை என்றே எண்ணினார். தாயாரின் நோய் காரணமாக 1890இல் திண்டிவனத்துக்கு வந்ததும், சில காலம் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்தோடுதான்.

ஓர் இரவு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

அன்றிரவு ஒருவர் பின் ஒருவராக மூவர் வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பார்ப்பனர். ஒருவர் முஸ்லிம். மற்றொருவர் உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவி பேறுகால வேதனையிலே துடித்துக் கொண்டிருந்தாள். என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் தீண்டக்கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டனர். ஐடாவோ அன்று மருத்துவம் அறியாதவர். விடிந்ததும் தெருவிலே சாவுப்பறை ஒலித்தது. மூன்று பெண்களும் மாண்டுபோயினர்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சாதியால் வேறுபட்டவர்கள், மதத்தால் மாறுபட்டவர்கள், பெண்ணின் உயிரைவிட வழக்கமே பெரிது என்பதிலே மட்டும் ஒன்றுபட்டு நின்றார்கள். அந்தப் பெண்களைக் கொன்றது பேறுகாலம் என்று நாம் சொல்லமாட்டோம். கொன்றது வழக்கம், பெண்ணுக்குப் பெண் மருத்துவர் இல்லாத கொடுமை.

ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். 1899இல் நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலே பட்டம் பெற்றார். மனைவியை இழந்த ஒரு வங்கியாளர், அவ்வம்மையார் நினைவாக மருத்துவமனை எழுப்பப் 10,000 டாலர் வழங்கினார். 1900ஆம் ஆண்டு பிறந்தபோது ஐடா மீண்டும் நம் மண்ணிலே இருந்தார். வழிகாட்ட வேண்டிய தந்தையார் அதே ஆண்டிலே மறைந்தார். வீட்டின் ஓர் அறையே மருந்தகம். வீட்டுப் பணியாளரின் மனைவியே துணை. இரண்டு ஆண்டுகளிலே ஏறத்தாழ 5,000 நோயாளிகளைப் பார்த்தார். 1902இல் 40 படுக்கைகளோடு வேலூர் மருத்துவமனை திறக்கப்பட்டது.

வேறொருவராக இருந்தால், கடமை முடிந்தது என்று அங்கேயே அமர்ந்திருப்பார். அம்மையாரோ, வராதவர்களைப் பற்றிக் கவலைப்பட்டார். மருத்துவமனைக்கு வர ஒரு நாள் நடக்க வேண்டும்; ஒரு நாள் கூலி போகும்; அன்று அடுப்பு எரியாது. ஆகவே உழைப்பாளி புண்ணைப் பொறுத்துக்கொள்வான், காய்ச்சலைச் சகித்துக்கொள்வான். கடைசியிலே கட்டிலோடு தூக்கி வருவார்கள். அப்போது மருந்துக்கு வேலை இருக்காது.

இதற்கு வழி கண்டார் அம்மையார். வாரந்தோறும் குடியாத்தத்துக்கு மாட்டுவண்டியிலே போவார்; பின்னர் மோட்டார் காரிலே போவார். வழியெல்லாம் மக்கள் மரத்தடியிலே காத்திருப்பர். வண்டி நிற்கும், பெட்டி திறக்கும். புரையோடிய கட்டி கீறப்படும். கண்நோய்க்கு மருந்து ஊற்றப்படும். ஊரார் விலக்கி வைத்த தொழுநோயாளிக்கும் அங்கே இடம் உண்டு. அடுத்த வாரம் அதே மரம், அதே மருத்துவர். புண் ஆறியதா என்று கேட்க ஆள் வருகிறது என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதுவே பாதி மருந்து!

ஒருவரால் எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்? 1909இல் தாதியர் பள்ளி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி எழுந்தது. பெண்கள் படிக்க வருவார்களா என்று ஐயுற்றனர் மேலிடத்தார். 1922இல் முதல் அணியிலே 14 பெண்கள் தேறி மருத்துவராக வெளிவந்தனர். 1930களின் இறுதியில் அரசு விதி மாறியது. பட்டப்படிப்பு இல்லாத பள்ளிகள் மூடப்படும் நிலை வந்தது. எழுபது வயதிலே அம்மையார் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942இல் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. 1947இல் ஆண்களுக்கும் கதவு திறந்தது. அம்மையார் 1946இல் ஓய்வு பெற்று மலைக்குச் சென்றார். அவர் வகித்த பொறுப்பை நம் நாட்டவரான டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் ஏற்றார்.

ஐடா அம்மையார் சமயப் பணிக்கென வந்த குடும்பத்தவர் என்பதை நாம் மறைக்கவில்லை. அவர் சமயம் அவருக்கு. அவர் வகுத்த வழி நமக்கு.

அந்த வழி இன்று எங்கே நிற்கிறது? தமிழ்நாட்டிலே பேறுகாலத்தில் மாளும் தாய்மார் எண்ணிக்கை, 2018 முதல் 2020 வரையிலான கணக்குப்படி, இலட்சம் பிறப்புக்கு 54. இந்தியா முழுமைக்கும் 97. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை தருகிறது. மகிழ்கிறோம். ஆனால் சராசரிக் கணக்கு சமவெளியிலே வேகமாக நடக்கும். மலையேறும்போது அதற்கு மூச்சு வாங்கும்.

பெரியகுளம் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையிலே வெள்ளகவி என்றொரு சிற்றூர். இந்த நூற்றாண்டு பிறந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும், அவ்வூர் மக்கள் தம் நோயாளியை டோலி கட்டித்தான் சாலைக்குத் தூக்கி வந்தார்கள். அன்று வெள்ளையரை மலைக்குச் சுமந்தன கூலியாட்களின் தோள்கள். இந்தத் தோள்களோ, பிள்ளைத்தாய்ச்சியை மருத்துவர் இருக்கும் இடத்துக்குச் சுமந்தன. ஏரியைச் சுற்றிக் கார்கள் வரிசை கட்டிய ஊருக்கு அருகிலேதான் இந்த நிலை!

ஆகவே தோழர்களே, ஐடா அம்மையாருக்கு மாலை போடுவதைவிட மேலான வேலை ஒன்று உண்டு. உங்கள் வட்டத்திலே கடைசி வீடு எது? அந்த வீட்டுக்காரிக்கு நள்ளிரவிலே வலி கண்டால், மருத்துவரிடம் சேர எத்தனை நாழிகை ஆகும்? நடந்து பாருங்கள், குறித்துக்கொள்ளுங்கள், அதிகாரிகளிடம் கொண்டு போங்கள், சாலை வரும்வரை, தாதி வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். திண்டிவனத்திலே அன்று மூன்று முறை கதவு தட்டப்பட்டது. அந்த ஓசை கேட்டு ஒரு பெண் எழுந்தார். இன்று கதவு தட்டப்படும்போது எழ வேண்டியவர்கள் நாம்.