ஒலியின் சாய்வு

சென்னை ராஜாஜி மண்டபத்தை வடிவமைத்தவர். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் தொடக்கமான நில அளவைப் பள்ளியை நடத்தியவர். மாமல்லபுரச் சிற்பங்களைக் குறித்துக் கட்டுரை வரைந்தவர். இத்தனைக்கும் ஜான் கோல்டிங்காமின் தொழில் வானியல். கிழக்கிந்தியக் கம்பெனியின் நுங்கம்பாக்கம் வானாய்வகமே அவருடைய களம்.

அந்நாளில் ஒலியின் வேகம் அறிஞரிடையே தீராத வழக்காக இருந்தது. நியூட்டன் கணக்கிட்ட மதிப்பு, அளந்து கண்டதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்று அமுங்குகையில் எழும் வெப்பத்தை அவர் கருதவில்லை என்று 1816இல் லாப்லாசு விளக்கினார். வெப்பத்துக்கு இதில் பங்குண்டெனில், சென்னையைவிடத் தக்க களம் வேறு ஏது?

கோட்டையிலும் பரங்கிமலைப் படைமுகாமிலும் பீரங்கி முழங்குவது வழக்கம். வானாய்வகத்திலிருந்து கோட்டை 13,932 அடி. பரங்கிமலை 29,547 அடி. பீரங்கியின் ஒளி தெரிந்தது முதல் ஓசை எட்டும்வரை கடிகாரத் துடிப்புகள் எண்ணப்பட்டன. வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை ஆகியனவும் உடன் குறிக்கப்பட்டன. 1820, 1821ஆம் ஆண்டுகளில் இப்பணி நடந்தது.

அவர் விட்டுச்சென்றவை அட்டவணைகளே. வரைபடம் நம் வேலை. கிடையச்சில் காலத்தையும் செங்குத்து அச்சில் தொலைவையும் கொள்வோம். கோட்டை ஓசைக்குச் சராசரியாக 12 வினாடிக்குச் சற்று மேல். மலை ஓசைக்கு ஏறத்தாழ 26. இரு புள்ளிகளும் ஆதிப்புள்ளி வழியே செல்லும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. மலைக்குரிய புள்ளி உயரத்தில் இருப்பதால் அவ்வோசையே விரைவானது என்று எண்ணிவிடக் கூடாது. உயரம் காட்டுவது தொலைவை. வேகத்தைக் காட்டுவது சாய்வு. இரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட 15,615 அடியை இடைப்பட்ட பதின்மூன்றே முக்கால் வினாடியால் வகுத்தால், வினாடிக்கு ஏறத்தாழ 1,135 அடி. அதே கோட்டை நீட்டினால், பரங்கிமலைக்கு 12 கிலோமீட்டர் அப்பாலுள்ள பூந்தமல்லியை அம்முழக்கம் எட்ட 35 வினாடி ஆகும் எனலாம்.

ஆனால் எல்லாத் திங்களுக்கும் கோடு ஒன்றாக இல்லை. டிசம்பரில் சாய்வு 1,100 அடியளவு. ஜூலையில் 1,160ஐத் தாண்டியது. மலை ஓசை ஜூலையில் ஒன்றரை வினாடி முந்தியது. வெப்பம் ஒரு செல்சியசு உயர்ந்தால் ஒலியின் வேகம் 2 அடியே கூடும். அவ்விரு திங்களின் வெப்பநிலை வேறுபாடோ 4 செல்சியசு அளவுதான். எஞ்சியதில் பெரும்பங்கு காற்றினுடையதாகவே இருக்க வேண்டும். அதன் திசையை அவர் குறித்து வைத்ததன் அருமை இங்கே புலப்படுகிறது.

இம்முடிவுகள் 1823இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளியாயின. 1830இல் பணியை விட்ட கோல்டிங்காம், 1849இல் மறைந்தார்.