எண்ணிப் பார்த்த பேரறிஞர் மகலனோபிஸ்

எங்கள் பள்ளி மாணவியரில் பலருடைய தந்தையர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள். காலை ஷிப்டு, இரவு ஷிப்டு என்ற சொற்கள் வாய்ப்பாட்டைப் போல எங்களுக்குப் பழக்கமானவை. ஓர் ஆலை மூடப்பட்டால் அந்தச் செய்தி நாளிதழில் வருமுன் எங்கள் வகுப்பறைக்கு வந்துவிடும். ஆனால் நாட்டில் நூற்றுக்கு இத்தனை பேருக்கு வேலை இல்லை என்று சொல்கிறார்களே, அதை எண்ணியவர் யார்? இத்தனை கோடி வீடுகளில் எப்படி எண்ணினார்கள்? இதற்கு விடை தேடியபோதுதான் பேரறிஞர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் அவர்களின் வாழ்க்கை வரலாறு எங்களுக்குக் கிடைத்தது.

மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1913ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். இலண்டனில் படிக்க எண்ணியிருந்தவர், கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கே கிங்ஸ் கல்லூரியின் எழில்மிகு தேவாலயத்தைக் கண்டு மனம் பறிகொடுத்தார். திரும்பிச் செல்லும் இரயிலும் தவறியது. இறுதியில் அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார்!

அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் நம் தமிழ்நாட்டுக் கணித மேதை இராமானுஜன். இராமானுஜன் ஒருமுறை இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்று வருந்தினாராம். மகலனோபிஸ் அவருடைய படுக்கையைப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றின் உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அறியாமல், இராமானுஜன் மேலே படுத்து மேலங்கியைப் போர்த்திக்கொண்டிருந்தார். கேள்விப்பட்டதோடு நில்லாமல் நேரில் போய்ப் பார்த்து அறியும் இந்தக் குணமே அவரைப் பின்னாளில் உயர்த்தியது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

1915இல் தாயகம் திரும்பும் வேளையில், அவருடைய ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழை அவருக்குக் காட்டினார். அதன் தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். கல்கத்தாவில் இயற்பியல் ஆசிரியராகப் பணிபுரிந்துகொண்டே, கல்லூரி அறையில் சிறியதொரு புள்ளியியல் ஆய்வகத்தை நடத்தினார். அதுவே 1931ஆம் ஆண்டு இந்தியப் புள்ளியியல் நிறுவனமாக மலர்ந்தது.

வங்காளத்தில் சணல் எவ்வளவு விளைகிறது என்று கணக்கிடும் பணி 1930களில் அவரிடம் வந்தது. ஒவ்வொரு வயலாகப் போய் எண்ணினால் பணமும் காலமும் வீணாகும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி அல்லவா? அதைப் போல அங்குமிங்கும் சில வயல்களை மட்டும் பார்த்து, மொத்த விளைச்சலை மதிப்பிட்டார். ஆனால் பானையை நன்றாகக் கிளறாமல் மேலாக எடுத்தால் பதம் தவறிப்போகும். ஆகவே எந்த வயல் என்பதைத் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்காமல் குலுக்கல் முறைக்கு விட்டார். அதோடு நில்லாமல், ஒரே பகுதிக்கு இரண்டு குழுவினரைத் தனித்தனியே அனுப்பினார். இருவர் கணக்கும் வேறுபட்டால் பிழை எங்கோ உள்ளது என்று தெரிந்துவிடும். தம் கணக்கைத் தாமே ஐயுற்றுச் சோதித்தவர் அவர்!

1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்திற்குப் பின் கிராமங்களில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினார். நிலத்தையும் உழவு மாட்டையும் விற்றுவிட்டுப் பிழைப்பை இழந்த குடும்பங்களின் நிலை அதனால் வெளிப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின், 1950ஆம் ஆண்டு அவருடைய முயற்சியால் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கிற்று. 1956இல் வந்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு அடிப்படை வகுத்தவரும் அவரே. பெரிய இயந்திரங்களைச் செய்யும் தொழில்கள் முதலில் வேண்டும் என்றார். அவை குறைந்த பேருக்கே வேலை தரும் என்பதால், கைத்தொழில்களும் குடிசைத் தொழில்களும் உடன் வளர வேண்டும் என்றும் கருதினார். ஆயினும் திட்டம் போதிய வேலைகளைத் தரவில்லை என்று குறை கூறியோரும் உண்டு.

அவர் தொடங்கிய கணக்கெடுப்புக்கே பெரும் சவாலாக வந்தது வேலையின்மை. வயலை அளக்கலாம், வேலை இல்லாமையை எப்படி அளப்பது? எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற் சூளைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். வெயில் காலம் முழுவதும் உழைக்கிறார். மழை வந்தால் சூளை அணைந்துவிடும். நவம்பரில் அவரிடம், கடந்த ஓராண்டில் பெரும்பாலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர் வேலை உள்ளவர். கடந்த ஏழு நாட்களைப் பற்றிக் கேட்டால், வேலை தேடியும் கிடைக்காதவர். மனிதர் ஒருவரே, கேள்வி மாறினால் விடையும் மாறுகிறது!

இந்தச் சிக்கலை ஆராய்ந்த தாந்த்வாலா குழு 1970இல் அறிக்கை தந்தது. ஓராண்டு, ஒரு வாரம், ஒவ்வொரு நாள் என்று மூன்று விதமாக அளக்கும் முறை அதிலிருந்து பிறந்தது. வார முறையில், ஏழு நாட்களில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் அவர் வேலை உள்ளவரே. 1972 அக்டோபரில் இம்முறைப்படி கணக்கெடுப்பு தொடங்கியது. அதைக் காண மகலனோபிஸ் இல்லை. தம் 79ஆம் பிறந்த நாளுக்கு முந்தைய நாள், 1972 ஜூன் 28இல் அவர் மறைந்தார்.

சதவீதம் கணக்கிடும் முறையையும் நாங்கள் கற்றோம். ஒரு தெருவில் 15 வயது நிரம்பியோர் 100 பேர். 40 பேர் வேலை செய்கிறார்கள். 5 பேர் தேடுகிறார்கள். மற்ற 55 பேர் படிப்பவர், முதியவர், வீட்டில் இருப்பவர். 5ஐ நூறால் வகுப்பதில்லை. வேலை செய்வோரும் தேடுவோருமாகிய 45ஆல் வகுக்க வேண்டும். வேலையின்மை 11 சதவீதம் ஆகிறது. அந்த ஐவரும் மனம் சோர்ந்து தேடுவதை விட்டுவிட்டால்? யாருக்கும் வேலை கிடைக்காமலே வேலையின்மை சுழியமாகிவிடும்!

இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோரிடையே வேலையின்மை 2017-18இல் 6 சதவீதமாகவும், 2023-24இல் 3.2 சதவீதமாகவும் இருந்தது. எண் குறைந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் ஏழைக்குச் சும்மா இருக்க வசதி இல்லை. கிடைத்ததைச் செய்துதான் ஆக வேண்டும். ஆகவேதான் படிக்காதவரைவிடப் படித்தவரிடையே வேலையின்மை அதிகமாகத் தெரிகிறது. நாங்கள் தேர்வு முடிந்தபின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வோம். மேல்நிலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பதிவேட்டில் எங்கள் பெயர் இருக்கும்; மாதிரிக் கணக்கெடுப்பிலோ நாங்கள் வெறும் மாணவியர். இரண்டு கணக்கையும் ஒன்றென எண்ணிவிடக் கூடாது.

எங்களில் ஒருத்தியின் வீட்டுக்குக் கணக்கெடுப்பாளர் வந்தார். அவள் தந்தையின் ஆலை மூடப்பட்டுவிட்டது. அவர் தினமும் சில மணி நேரம் வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். ஆகவே அவர் வேலை உள்ளவர். தாயைப் பற்றிக் கேட்டபோது, வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்று தந்தையே பதில் சொன்னார். தாயும் தலையசைத்தார். வந்தவரோ மூலையில் இருந்த தையல் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்து, புடவைக்கு ஃபால்ஸ் அடித்து, ஆலை மூடிய நாள் முதல் குடும்பத்தைத் தாங்கி வருபவர் தாயே என்பது அப்போதுதான் வெளிவந்தது. சும்மா இருந்தவர் சுயதொழில் செய்பவரானார். அன்று இரவு சாப்பிடும்போது தந்தை வெகுநேரம் பேசவில்லை என்று அவள் எங்களிடம் சொன்னாள்.

அந்த இரண்டாவது கேள்வியே மகலனோபிஸ் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். முதல் விடையோடு நில்லாமல் நேரில் பார்க்க வேண்டும். பிழை இருக்குமோ என்று மறுபடி கேட்க வேண்டும். அவருடைய பிறந்த நாளாகிய ஜூன் 29, 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. எங்கள் வீடுகளில் எண்ணப்படாமல் உழைப்போர் யார் என்று அந்நாளிலாவது நாங்கள் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக! வாழ்க மகலனோபிஸ் புகழ்!

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு