பரங்கிமலை தந்த பெருமகன் எம். சி. ராஜா

பூவிருந்தவல்லியிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் சாலையில் நாளும் பயணம் செய்யும் நம் இளைஞர்கள், அம்மலையூரில் 1883ஆம் ஆண்டு பிறந்த ராவ் பகதூர் எம். சி. ராஜா அவர்களின் வரலாற்றை அறிதல் வேண்டும். அந்நாளில் அவ்விரு ஊர்களும் செங்கற்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்தவை.

இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்ற அவர், ஆசிரியப் பணியை மேற்கொண்டார். 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். 1920இல் சென்னைச் சட்டமன்றம் புகுந்தார். இழிவாக வழங்கிய பெயர்களை அரசுப் பதிவேடுகளினின்று அகற்றி, ஆதிதிராவிடர் என்னும் பெயரை இடுவிக்கும் தீர்மானத்தை 1922இல் நிறைவேறச் செய்தார். 1927 முதல் பத்தாண்டுகள் மத்திய சட்டசபையில் நமக்காக வாதாடினார்.

1932இல் தனித்தொகுதியைக் கைவிட்டு மூஞ்சேயுடன் உடன்பாடு கண்டபோது, அண்ணல் அம்பேத்கருடன் அவர் மாறுபட்டதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் 1938இல் அவர் கொணர்ந்த ஆலய நுழைவு மசோதாவை, அவர் நம்பியிருந்த காங்கிரசே சென்னைச் சட்டசபையில் தோற்கடித்தது. அதன்பின் அவர் பாதை மாறியது. 1942இல் அம்பேத்கருடன் இணைந்தே கிரிப்ஸ் தூதுக்குழுவைச் சந்தித்தார். மறு ஆண்டு மறைந்தார்.

பட்டறிவு உணர்த்தியபோது நிலையை மாற்றிக்கொள்ள அஞ்சாமை கற்றோர்க்கு அழகு. இவ்வெள்ளி விழா நாளில் நம் பிள்ளைகள் ஏற்கத்தக்க பாடம் அதுவேயாம்.