வறண்ட சீமையின் நீர்க்கணக்கு

புதுக்கோட்டை மாவட்டத்தின் வரைபடத்தை விரித்தால் ஊர்ப்பெயர்களுக்கு முன்பே நீலப் புள்ளிகள்தாம் கண்ணில் படும். 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் ஊருணிகளும் கொண்ட மாவட்டம் இது. ஆனால், வற்றாத ஆறு ஒன்றுகூட இங்கு இல்லை. வெள்ளாறு மழை பெய்தால் ஓடும். மழை நின்றால் மணலாகும். ஆண்டு மழையளவு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறையப் பாதி, ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களின் நீரை ஆண்டு முழுமைக்கும் காப்பாற்றி வைப்பதே இந்த மண்ணின் பொருளாதாரம்.

இந்தக் கணக்கை நன்கு அறிந்திருந்த நிர்வாகி ஒருவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே 16 ஆண்டுகள் பொறுப்பில் இருந்தார். அவர் திவான் சேஷையா சாஸ்திரி. புதுக்கோட்டை நகரைச் சீரமைத்தவர் என்று அவரை இன்றும் ஊரார் நினைவுகூர்கின்றனர். அகன்ற தெருக்களையும் அரசுக் கட்டடங்களையும் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பெயர் வருகிறது. அவர் நீருக்குச் செய்ததையும், செய்தபோது அறியாமல் இழந்ததையும் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

சேஷையா சாஸ்திரி 1828-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தஞ்சை மாவட்டத்தின் அமராவதி என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் பவெல் என்ற ஆங்கிலேய ஆசிரியரிடம் பயின்றார். பின்னாளில் திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று சமஸ்தானங்களின் திவானாகப் புகழ்பெற்ற டி. மாதவராவும் அந்த ஆசிரியரின் மாணவரே. 1848-இல் படிப்பை முடித்த சாஸ்திரி, சென்னை ராஜதானியின் வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்தார். மசூலிப்பட்டினம் பகுதியில் தாசில்தாராகப் பணிபுரிந்து, படிப்படியாக உயர்ந்து, வருவாய் வாரியத்தின் தலைமைச் சிரஸ்தாரானார். நிலம், வரி, பாசனம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பதை அவர் கற்ற இடம் அந்த அலுவலகம்தான்.

1872-இல் மாதவராவுக்குப் பின் திருவிதாங்கூரின் திவானானார். 1877-இல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். இரண்டு பருவமழைகளும் தவறாத, பசுமை குறையாத நாடு அது. அங்கிருந்து அடுத்த ஆண்டே அவர் வந்து சேர்ந்த இடம் அதற்கு நேர் எதிரானது.

1878-இல் அவர் புதுக்கோட்டைக்கு வந்தபோது தென்னிந்தியாவை 1876 முதல் வாட்டிய பெரும்பஞ்சம் முடியும் தறுவாயில் இருந்தது. சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் மாண்ட காலம் அது. ஏறத்தாழ 1,178 சதுர மைல் பரப்புள்ள புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை அப்போது ஆண்டவர் இராமச்சந்திர தொண்டைமான். அரண்மனை கடனில் மூழ்கியிருந்தது, நிர்வாகம் சீர்குலைந்திருந்தது. மாதவராவின் பரிந்துரையின்பேரில் சாஸ்திரி அழைக்கப்பட்டார். அதுவரை சிர்கேல் என்று வழங்கிய பதவி, அவர் காலத்தில் திவான் என்று பெயர் மாறியது.

பஞ்சத்திலிருந்து எழும் ஒரு சீமைக்கு அப்போது நதிநீர் கொண்டுவர வழியில்லை. கல்லணைக் கால்வாய் இந்த மாவட்டத்தின் ஒரு பகுதியைத் தொட்டதே மேட்டூர் அணைக்குப் பிறகு, 1930-களில்தான். ஆகவே, வானத்திலிருந்து விழும் நீரைத் தவிர சாஸ்திரிக்கு வேறு முதலீடு இல்லை. அந்த முதலீட்டைப் பிடித்துவைக்கும் அமைப்பை முன்னோர் ஏற்கெனவே கட்டிவைத்திருந்தனர். குளம் தோண்டியதையும் மடை அமைத்ததையும் சொல்லும் பழங்கல்வெட்டுகள் இந்த மாவட்டத்தில் பல. மேட்டுக்காட்டில் பெய்த மழை வரத்துவாரி வழியே கண்மாய்க்கு வரும். நிரம்பினால் கலிங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ள ஊர்கள் அனைத்தும் காயும். புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிட இருப்பதைப் பழுதுபார்ப்பதே இங்கு முதல் வேலை. உடைந்த கண்மாய்களையும் தூர்ந்த குளங்களையும் சீரமைக்கும் பணியை சாஸ்திரி நிர்வாகம் மேற்கொண்டது.

ஆனால், கரையை உயர்த்துவதால் மட்டும் கண்மாய் பிழைத்துவிடாது. அந்த நீரில் பயிர் செய்பவனுக்கு அதனால் ஆதாயம் இருக்க வேண்டும். இங்கேதான் அவருடைய வருவாய்த் துறை அனுபவம் பயன்பட்டது. அப்போது சமஸ்தானத்தில் அமானி முறை நடப்பிலிருந்தது. விளைச்சலை அரசும் குடியும் களத்தில் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். மழை பொய்த்தால் நட்டம் இருவருக்கும்தானே என்று எண்ணத் தோன்றும். நடைமுறை வேறு. அதிகாரி வந்து அளக்கும்வரை கதிர் களத்தில் காத்திருக்கும். காவலுக்கு ஆள், அளவுக்கு ஆள், ஏற்றிச்செல்ல ஆள் என்று இடையில் நிற்கும் ஒவ்வொரு கையிலும் தானியம் கசியும். கூடுதலாக உழைத்து விளைவித்ததில் ஒரு பங்கு தன்னை விட்டுப் போகும் என்று தெரிந்த குடியானவன் எவ்வளவு உழைப்பான்?

சாஸ்திரி அமானி முறையை ஒழித்து, பணமாகச் செலுத்தும் நிலையான தீர்வையைக் கொண்டுவந்தார். பொருளாதாரம் கற்பித்த ஆசிரியன் என்ற முறையில், அவருடைய சீர்திருத்தங்களில் இதையே தலையாயதாகக் கருதுகிறேன். கூடுதலாகச் சேமித்த நீரின் பயன் அந்த நீரைச் சேமித்தவனுக்கே சேரும் நிலை அப்போதுதான் உருவாயிற்று.

நகரத்திலும் அவர் நீரிலிருந்தே தொடங்கினார். புதுக்கோட்டை நகரம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீக்கு இரையாகி, பின்னர் நேர்த்தெருக்களோடு மறுபடி எழுந்தது. அந்தத் தெருக்களுக்கு இடையே அமைந்த பல்லவன்குளம், புதுக்குளம் போன்ற நீர்நிலைகளே நகரின் குடிநீருக்கும் நிலத்தடி நீருக்கும் ஆதாரம். அவற்றைச் சீரமைத்ததும், சாலைகளையும் பொதுக் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்தியதும் அவர் காலத்துப் பணிகள். குளத்தை அலங்காரமாகக் கருதாமல் நகரத்தின் உறுப்பாகவே அவர் கருதினார். மழை பெய்யும் இடம், ஓடும் வழி, தங்கும் பள்ளம் ஆகிய மூன்றையும் அறிந்த பின்னரே வறண்ட நிலத்தில் எந்த வடிவமைப்பும் தொடங்க முடியும்.

இத்தனை சொன்ன பிறகு, அவருடைய காலத்தின் மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. சமஸ்தானத்தின் நிலத்தில் பெரும்பகுதி இனாமாக இருந்தது. கோயிலுக்கும் வீரர்களுக்கும் மட்டுமல்லாமல், ஊர்ப்பணி செய்வோருக்கும் மானியமாக நிலம் விடப்பட்டிருந்தது. 1888-இல் தொடங்கிய இனாம் தீர்வு, பணிக்காக அனுபவித்த நிலங்கள் பலவற்றை வரி செலுத்தும் தனியுடைமையாக மாற்றியது. நிர்வாகத்தின் பார்வையில் இது சீரான நடவடிக்கை. ஆனால், நிலத்துக்கும் பணிக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. புதுக்கோட்டையை ஆராய்ந்து 1987-இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் நிக்கோலஸ் டர்க்ஸ், இந்தத் தீர்வு ஊர்ச் சமூகத்தின் உறவுகளை எவ்வாறு மாற்றியது என்பதை விரிவாக விளக்கியுள்ளார்.

இதன் விளைவை நீரின் பக்கம் நின்று பார்க்கலாம். மடையைத் திறந்து மூடியவரும், கரையைக் காத்தவரும், வாரியைச் சுத்தம் செய்தவரும் ஊரோடு கட்டுண்டு இருந்தவரை கண்மாய் ஊருடையது. அந்தக் கட்டு தளர்ந்தபோது அது மெல்ல மெல்லச் சர்க்காருடையது ஆயிற்று. சாஸ்திரியைப் போன்ற ஒருவர் பொறுப்பில் இருக்கும்வரை அதனால் கேடில்லை. அவருக்குப் பின் வரும் எல்லோரும் அவரைப் போல இருப்பார்கள் என்று எந்த அமைப்பும் எதிர்பார்க்கக் கூடாது.

1886-இல் இராமச்சந்திர தொண்டைமான் மறைந்தார். அடுத்த மன்னரான மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அப்போது சிறுவர். சாஸ்திரி திவான் ரீஜண்டாக, அதாவது மன்னரின் சார்பில் ஆள்பவராகப் பொறுப்பேற்றார். 1894-இல் மன்னர் உரிய வயதை அடைந்ததும் ஆட்சியை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் ஓய்வு பெற்றார். 'சர்' பட்டம் அவரைத் தேடி வந்தது. 1903-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் காலமானார்.

அவர் புதுக்கோட்டைக்கு வருவதற்கு ஓராண்டு முன்பு, 1877-இல், கடப்பைப் பகுதியில் ஓர் அயல்நாட்டுச் செடி அறிமுகமானது. அதுதான் சீமைக்கருவேலம். இன்று நம் கண்மாய்களின் உள்வாயை அடைத்து நிற்பது அதுவே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்னொரு மாற்றம் நேர்ந்தது. தொண்டைமான்களின் வேட்டைக் காடுகளாகக் காக்கப்பட்ட அரிமளம், வாராப்பூர் போன்ற பகுதிகளில் காகிதக் கூழுக்கான தைல மரங்கள் பரவின. அந்தத் தோட்டங்களுக்குள் மழைநீரைத் தேக்க எழுப்பப்படும் வரப்புகள் கண்மாய்களுக்கு வரும் நீரைத் தடுக்கின்றன என்பது இந்த மாவட்ட உழவர்களின் நெடுநாள் குறை. சாஸ்திரி பழுதுபார்த்த சங்கிலியின் முதல் கண்ணி, மேட்டுக்காடு. இன்று அறுந்திருப்பது அந்தக் கண்ணிதான்.

இந்தக் காடுகளில் முன்பு நின்றவை எவை என்று அறியக் கோயில் காடுகளுக்குப் போனால் போதும். வீரை, உலக்கைப்பாலை, உசில், நாவல், இலுப்பை என்று தழைத்து நிற்கும் அந்த மரங்களுக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. உதிர்ந்த இலை மண்ணை மூடுகிறது. மூடிய மண் மழையை உள்வாங்குகிறது. கண்மாய்க் கரையில் நிற்கும் பனையும் அப்படித்தான். கரையைக் கட்டிப்பிடித்து நிற்குமே தவிர, ஒரு குடம் நீரும் கேட்பதில்லை.

1981-இல் அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர் வாரியம், வறண்ட ஊருக்கு ஏற்ற தோட்டக்கலைக்கு 'சீரிஸ்கேப்' என்று பெயர் சூட்டியது. புல்தரையைக் குறைப்பது, மண்ணை மூடிவைப்பது, நீர்த்தேவையைப் பொறுத்துச் செடிகளைப் பிரித்து நடுவது, அந்தந்த மண்ணுக்குரியவற்றைத் தேர்வது ஆகியவை அதன் விதிகள். நம் ஊர் எல்லையில் நிற்கும் கோயில் காடு இந்த விதிகளை எப்போதோ கடைப்பிடித்துவிட்டது. நாமோ அலுவலக வளாகங்களில் வெளிநாட்டுப் புல்லை விரித்து, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம். அதே இடத்தில் ஆவாரையும் நொச்சியும் கொன்றையும் வளர்த்தால், முதலிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும்.

இது வெறும் ஆசையன்று. கீரனூருக்கு அருகில் உள்ள ஒடுகம்பட்டியில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் முயற்சியில் உருவான கொழுஞ்சிப் பண்ணை, கரடான நிலத்திலும் மழைநீரைப் பிடித்து, மண்ணுக்குரிய மரங்களை வளர்த்து, பசுமையை மீட்க முடியும் என்று காட்டியது.

ஆகவே, செய்ய வேண்டியவை மூன்று. தைல மரத் தோட்டங்களைப் படிப்படியாக அகற்றி, மேட்டுக்காடுகளில் நாட்டு மரங்களை மீட்டு, வரத்துவாரிகளைத் திறந்துவிட வேண்டும். அரசு வளாகங்களின் தோட்டங்கள் மழைநீரை மட்டுமே நம்பி வாழ வேண்டும் என்பதை விதியாக்க வேண்டும். கண்மாயைக் காக்கும் நீர்க்கட்டிக்கும் பாசனதாரர் சங்கத்துக்கும் நிலையான வருவாயை ஏற்படுத்த வேண்டும். முதலிரண்டும் சாஸ்திரி செய்த பணியின் தொடர்ச்சி. மூன்றாவது, அவர் காலத்தில் அவிழ்ந்த முடிச்சை மறுபடி போடுவது.

அவருக்குச் சிலை வைப்பதோ தெருவுக்குப் பெயர் சூட்டுவதோ எளிது. அடுத்த ஐப்பசியில் பெய்யும் மழை, மேட்டுக்காட்டில் தடையின்றி இறங்கி, நகரத்துக் குளத்தின் கடைசிப் படிவரை வந்து நிற்குமானால், அந்தத் திவானுக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதை அதுவாகத்தான் இருக்கும்.