அன்னா பாவ்லோவா

மேடையில் கரணம் போட்டால் உடனே கைதட்டும் நாம், இந்நடனமணியின் வாழ்வை அறிவது நன்று.

அன்னா பாவ்லோவா 1881ஆம் ஆண்டு ரஷ்யாவில், ஓர் ஏழைச் சலவைத் தொழிலாளியின் மகளாய்ப் பிறந்தார். பத்தாம் வயதில் அரசு நடனப் பள்ளியில் சேர்ந்தார். உடலோ மெலிந்தது, பாதங்களோ வலுவற்றவை. அந்நாளில் இத்தாலிய நடனமணிகளின் வேகச் சுழற்சிகளுக்கே பெரும் புகழ். அவற்றைப் பழக முயன்ற அன்னாவை ஆசிரியர் கெர்ட் தடுத்தார். வித்தைகளைப் பிறருக்கு விட்டுவிடும்படியும், மென்மையே அவருடைய செல்வம் என்றும் அறிவுறுத்தினார். அன்னா பணிந்தார், அயராது பயின்றார். சாகும் அன்னப்பறவையாக ஆடி உலகையே கண்ணீர் சிந்த வைத்தார்.

நம் ருக்மிணி தேவியைத் தாய்நாட்டு நடனத்தின்பால் திருப்பியவரும் இவரே. 1931இல் மறைந்தார்; 1936இல் கலாக்ஷேத்திரம் எழுந்தது.

பிறர் திறமையைக் கண்டு ஏங்காமல், நமக்கு அளிக்கப்பட்டதை வளர்ப்போமாக!