தானே மருந்து தின்று பார்த்த டாக்டர்

வியாசர்பாடியிலிருந்து கீழ்ப்பாக்கம் வெகு தூரமில்லை. அங்குள்ள அரசு மனநல ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிப் பிறரைக் கேலி செய்வது சென்னையில் பழைய வழக்கம். கேலி செய்கிறவர்கள், மன நோயைத் தணிக்கும் லித்தியம் என்ற மருந்து வந்த கதையைக் கேட்க வேண்டும்.

அதைக் கண்டவர் ஜான் கேட். ஆஸ்திரேலியாவில் 1912-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் மனநோய் டாக்டர். ஆகவே மகன் வளர்ந்ததே அப்படிப்பட்ட ஆஸ்பத்திரி வளாகங்களில்தான்.

யுத்தத்தில் ராணுவ டாக்டராகச் சிங்கப்பூர் போனார். 1942-ல் ஜப்பானியரிடம் பிடிபட்டார். சாங்கி முகாமில் மூன்றரை வருடம் கைதி! அங்கே புத்தி பேதலித்தவர்களைக் கவனித்தார். உடம்பில் ஏதோ ஒரு ரசாயனப் பொருள் மிகுவதால்தான் வெறி வருகிறது என்று அவருக்குத் தோன்றியது.

ஊர் திரும்பி, மெல்போர்ன் அருகே பண்டூரா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார. சமையல் சாமான் வைக்கும் பழைய அறைதான் அவருடைய சோதனைச்சாலை. நோயாளிகளின் சிறுநீரைக் கினி எலிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். சிறுநீர் ஜாடிகள் வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்தன. பாவம், அவர் மனைவி!

லித்தியம் உப்பைக் கொடுத்ததும், எலிகள் மல்லாத்திப் போட்டாலும் துடிக்காமல் சாதுவாகக் கிடந்தன.

மனிதருக்கு எவ்வளவு கொடுப்பது? நோயாளிக்குக் கொடுக்குமுன் கேட் தாமே தின்று பார்த்தார். அவருக்கு ஒரு நோயும் இல்லை. வீட்டில் மனைவி மக்கள் இருந்தார்கள். நல்ல வேளை, கெடுதி நேரவில்லை.

29-3-1948 அன்று 51 வயது நோயாளி ஒருவருக்கு முதன்முதலில் கொடுத்தார். ஐந்து வருடமாக ஓயாத கொந்தளிப்பில் இருந்தவர் அவர். ஜூலையில் வீடு திரும்பினார். பழைய வேலையிலும் சேர்ந்தார்!

ஆனால் வீட்டில் மருந்தை விட்டுவிட்டார். நோய் திரும்பியது. மறுபடி மருந்து கொடுத்தபோது, அதுவே விஷமாகி 1950-ல் இறந்துபோனார். டாக்டர் உடம்பு தாங்கியதை அவர் உடம்பு தாங்கவில்லை. கேட் அந்த மருந்தையே நிறுத்திவிட்டார்.

மற்றவர்கள் விடவில்லை. ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து கொடுக்கலானார்கள். 1954-ல் டென்மார்க்கில் முறையாகச் சோதித்தார்கள். 1970-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. கேட் 1980-ல் காலமானார்.

இன்றும் லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. வெயிலில் மூட்டை தூக்கி வியர்வை கொட்டினால், உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்து, ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். கை பலமாக நடுங்கினாலும், வாந்தி பேதியானாலும், நடை தள்ளாடினாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.